பத்திரம் கையில் இருந்தும் 5 சென்ட் எங்கே போச்சு? பட்டா, புலப்படம், எல்லைக்கல்: புதுக்கோட்டை மாவட்ட மக்கள் கவனிக்க வேண்டியவை

புதுக்கோட்டை:

அண்ணன், தம்பி பேசிக் கொள்வதில்லை. பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்குப் போவதில்லை. போலீஸ் ஸ்டேஷனில் மாறி மாறி புகார். என்ன ஏது என்று விசாரித்தால், பல ஊர்களில் கதை ஒரு வரப்பில் போய்தான் நிற்கும். ஒரு அடி தள்ளிப் போட்ட வேலி, பிடுங்கிப் போட்ட கல், தாத்தா பெயரிலேயே கிடக்கும் பட்டா. இதில் ஏதாவது ஒன்று காரணமாக இருக்கும்.

"ரிஜிஸ்டர் பண்ணின பத்திரம் பெட்டியில் இருக்கு, நம்மை யார் என்ன செய்ய முடியும்?" என்பது கிராமத்தில் சகஜமான பேச்சு. ஆனால் பத்திரத்தை மட்டும் வைத்துக் கொண்டு நிம்மதியாக இருக்க முடியாது. ஒரு நிலம் 3 இடத்தில் பதிவாகி இருக்கிறது. ரிஜிஸ்டர் ஆபீசில் உள்ள பத்திரம், தாலுகா ஆபீசில் உள்ள பட்டாவும் புலப்படமும், தரையில் ஊன்றிய கல். இந்த மூன்றும் ஒத்துப் போனால்தான் நிலம் பத்திரம். ஒன்று மாறினாலும் என்றைக்காவது ஒருநாள் வம்பு வரும்.

2 ஆபீஸ், 2 வேலை

பத்திரப்பதிவு துறையின் வேலை, இன்னார் இன்னாருக்கு விற்றார் என்று பதிவு செய்வது. சார்பதிவாளர் உங்கள் வயலுக்கு வந்து சங்கிலி பிடித்து அளப்பதில்லை. எழுதிக் கொடுத்த அளவைத்தான் பதிவு செய்கிறார். எனவே தரையில் 80 சென்ட் இருந்து, பத்திரத்தில் 85 சென்ட் என்று எழுதினால், அந்த 5 சென்ட் காகிதத்தில் மட்டும்தான் இருக்கும்.

நிலத்தின் கணக்கை வைத்திருப்பது வருவாய்த்துறை. யார் பெயரில் எந்த சர்வே எண், எவ்வளவு பரப்பு, என்ன தீர்வை என்பதைச் சொல்வது பட்டா. என்ன பயிர் சாகுபடி என்பதை கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.) எழுதும் அடங்கல் சொல்லும். கிராமத்தில் உள்ள எல்லா சர்வே எண்ணும் வரிசையாக இருப்பது 'அ' பதிவேடு. ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் நில அளவைத்துறை வரைந்த படம்தான் புலப்படம். இதை எப்.எம்.பி. என்றும் சொல்வார்கள்.

அதே நேரம் பட்டா இருந்தால் மட்டும் நிலம் சொந்தம் என்றும் ஆகிவிடாது. வருவாய்த்துறை பதிவு ஒருவருக்கு உரிமையை உண்டாக்காது என்று கோர்ட்டுகள் பலமுறை கூறியுள்ளன. ஆனால் கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன், பயிர் இன்சூரன்ஸ், ஆண்டுக்கு 6 ஆயிரம் ரூபாய் வரும் பி.எம். கிசான், புயல் வெள்ள நிவாரணம் என்று எதற்குப் போனாலும் முதலில் கேட்பது பட்டாவையும் அடங்கலையும்தான்.

சமஸ்தானத்தில் தொடங்கிய கணக்கு

புதுக்கோட்டை மாவட்டத்து நிலக்கணக்கு மற்ற மாவட்டங்களைப் போல ஒரே வேரில் இருந்து வந்தது அல்ல. தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட புதுக்கோட்டை சமஸ்தானத்தில் ஆலங்குடி, குளத்தூர், திருமயம் என்று 3 தாலுகாக்கள் இருந்தன. அங்கே நிலத்தில் பெரும்பகுதி கோவிலுக்கும், ஊழியக்காரர்களுக்கும், படை வீரர்களுக்கும், பிராமணர்களுக்கும் மானியமாக, அதாவது இனாமாக விடப்பட்டிருந்தது. மீதியில் பெரும்பாலும் விளைச்சலைப் பங்கு போடும் அமானி முறை. களத்தில் நெல்லை அளந்து அரசுக்கு ஒரு பங்கு, குடியானவனுக்கு ஒரு பங்கு.

திவானாக இருந்த சேஷையா சாஸ்திரி காலத்தில்தான் இதை மாற்றும் வேலை நடந்தது. அமானி முறை ஒழிக்கப்பட்டு பணமாகத் தீர்வை வந்தது. 1888-ல் இனாம் நிலங்களுக்கும் கணக்கு முடிக்கப்பட்டது. 1948-ம் ஆண்டு மார்ச் 3-ந்தேதி சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து திருச்சி மாவட்டத்தில் சேர்ந்தது. மிச்சம் இருந்த இனாம்களை முறைப்படுத்த 1955-ல் புதுக்கோட்டைக்கு என்றே தனியாக ஒரு சட்டம் போட வேண்டி வந்தது.

1974-ம் ஆண்டு ஜனவரி 14-ந்தேதி தனி மாவட்டம் உருவானபோது, தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்து அறந்தாங்கி பகுதியும் வந்து சேர்ந்தது. ஒரே மாவட்டத்தில் ஒரு பக்கம் சமஸ்தானத்து கணக்கு, இன்னொரு பக்கம் தஞ்சாவூர் கணக்கு. இதனால்தான் பழைய பத்திரங்களில் மானியம், இனாம் என்ற சொற்களை இன்றும் பார்க்கலாம். இப்படி எழுதிய பத்திரத்தை யாராவது காட்டினால், அது பின்னால் ரயத்துவாரி பட்டாவாக மாறியதா, கோவில் பெயரில் இருக்கிறதா என்று 'அ' பதிவேட்டில் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது.

யு.டி.ஆர். தந்த தலைவலி

"இது யு.டி.ஆர். தப்புங்க" என்ற வார்த்தையைத் தாலுகா ஆபீஸ் வாசலில் தினமும் கேட்கலாம். அது என்ன?

பல கிராமங்களில் பட்டா செத்துப்போன பாட்டன் பெயரிலேயே கிடந்தது. அனுபவிப்பவர் வேறு, கணக்கில் இருப்பவர் வேறு. இதைச் சரி செய்ய தமிழக அரசு நில உடைமை பதிவு மேம்பாட்டுத் திட்டத்தை கொண்டு வந்தது. இதுதான் யு.டி.ஆர். 1979-ம் ஆண்டு ஜூன் 1-ந்தேதி தொடங்கி 1987-ம் ஆண்டு ஏப்ரல் 30-ந்தேதி முடிந்தது. ஊர் ஊராகப் போய், அனுபவத்தில் இருப்பவர் பெயரை எழுதி, ஏக்கர் கணக்கை ஹெக்டேருக்கு மாற்றி, புதிதாகப் பட்டா கொடுத்தார்கள்.

நல்ல திட்டம்தான். ஆனால் லட்சக்கணக்கான பட்டாக்களைக் கையால் எழுதிய வேலை. அண்ணன் பெயர் இருந்தது, தம்பி பெயர் விட்டுப் போனது. அக்கா, தங்கைகள் பெயர் ஏறவே இல்லை. பிழைப்புக்கு வெளியூர், வெளிநாடு போனவர்களின் இடம் பக்கத்து வயல்காரர் பெயருக்குப் போனது. பல இடங்களில் உட்பிரிவு எண்கள் மாறின. மறு அளவை நடந்த கிராமங்களில் சர்வே எண்ணே மாறிப் போனது. பத்திரத்தில் பழைய எண், பட்டாவில் புதிய எண். இரண்டுக்கும் முடிச்சு போடத் தெரியாமல் விழிப்பவர்கள் ஏராளம்.

அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. 40 வருஷம் கழித்து இடத்துக்கு விலை ஏறிய பிறகுதான், பட்டாவில் பெயர் உள்ளவரின் பேரன் வந்து "இது எங்க இடம்" என்கிறான். இப்படிப்பட்டவர்கள் 1979-க்கு முந்தைய பத்திரம், பழைய 'அ' பதிவேட்டு நகல், யு.டி.ஆர். 'அ' பதிவேட்டு நகல், கிஸ்தி ரசீது ஆகியவற்றைத் தேடி எடுத்து, வருவாய் அதிகாரிகளிடம் யு.டி.ஆர். திருத்த மனு கொடுக்க வேண்டும். மனுவில் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் சேர்த்து எழுதுவது முக்கியம்.

பட்டாவைப் படிப்பது எப்படி?

பட்டாவில் பரப்பு என்ற இடத்தில் '0 - 32.50' என்று இருக்கும். பலருக்கு இது புரிவதில்லை. முதல் எண் ஹெக்டேர். அடுத்தது ஏர்ஸ். 100 ஏர்ஸ் ஒரு ஹெக்டேர்.

கணக்கு சுலபம். ஒரு ஹெக்டேர் 2 ஏக்கர் 47 சென்ட். ஒரு ஏர்ஸ் என்றால் 2.47 சென்ட். எனவே 32.50 ஏர்சை 2.47-ஆல் பெருக்கினால் சுமார் 80 சென்ட் வரும். 40.50 ஏர்ஸ் என்று இருந்தால் அது ஒரு ஏக்கர்.

ஒரு சென்ட் 435.6 சதுர அடி. 100 சென்ட் ஒரு ஏக்கர், அதாவது 43 ஆயிரத்து 560 சதுர அடி. தஞ்சாவூர் பக்கத்து வழக்கப்படி குழி, மா கணக்கு பேசுபவர்களுக்கு: ஒரு குழி 144 சதுர அடி, 100 குழி ஒரு மா. ஒரு மா என்பது 33 சென்ட். 3 மா சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு ஏக்கர்.

பத்திரத்தில் 85 சென்ட், பட்டாவில் 0 - 32.50 என்றால் 5 சென்ட் உதைக்கிறது. 5 சென்ட் என்பது 2 ஆயிரத்து 178 சதுர அடி. ஒரு வீடு கட்டுகிற இடம்! கூலி வேலை பார்த்து, வெளிநாட்டில் வெயிலில் காய்ந்து சேர்த்த பணம் இப்படித்தான் காற்றில் போகிறது. வாங்கும் முன்பு செல்போனில் 2.47 என்று பெருக்கிப் பார்த்தால் போதும்.

புலப்படம் என்ன சொல்லும்?

நில அளவையில் சென்னைக்கு ஒரு பெருமை உண்டு. நில அளவையர்களை உருவாக்க 1794-ல் சென்னையில் தொடங்கிய பள்ளிதான் பின்னாளில் கிண்டி என்ஜினீயரிங் கல்லூரி ஆனது. இந்தியாவையே முக்கோணம் முக்கோணமாகப் பிரித்து அளந்த பெரிய சர்வே, லாம்டன் தலைமையில் 1802-ல் சென்னையில் தொடங்கியது.

உங்கள் ஊர் வயலை அளந்ததும் அதே முக்கோண கணக்குதான். புலப்படத்தில் ஒரு மூலையில் இருந்து இன்னொரு மூலைக்கு நேர்கோடு போட்டு வயலை முக்கோணங்களாகப் பிரித்திருப்பார்கள். அந்தக் கோட்டில் இருந்து வளைந்த வரப்புக்கு எவ்வளவு தூரம் என்று பக்கவாட்டில் சின்னச் சின்ன அளவுகள் இருக்கும். பார்க்க ஏணிப்படி மாதிரி இருப்பதால் இதை ஏணி அளவு என்பார்கள். இந்த எண்களை வைத்துத்தான் சர்வேயர் காணாமல் போன எல்லையைத் திரும்பக் கண்டுபிடிக்கிறார்.

பழைய படங்களில் அளவு லிங்க்சில் இருக்கும். 66 அடி சங்கிலியில் 100 கண்ணி. ஒரு லிங்க்ஸ் என்பது முக்கால் அடிக்கும் குறைவு, 0.66 அடி. புதிய படங்களில் மீட்டர். மீட்டரை லிங்க்ஸ் என்றோ, லிங்க்சை அடி என்றோ நினைத்துக் கொண்டு தாங்களே டேப் பிடித்து சண்டை போடுபவர்களும் உண்டு.

கல்லைப் பிடுங்கினால்...

படம் சரியாக இருந்தாலும் தரையில் கல் வேண்டும். ஒரு கல் போனால் பக்கத்துக் கல்லில் இருந்து அளந்து விடலாம். டிராக்டர் ஓட்டும்போதும், ரோடு போடும்போதும், பொக்லைன் இறக்கும்போதும் சுற்றிலும் உள்ள கல் எல்லாம் போய் விட்டால், சர்வேயர் வெகு தூரத்தில் இருந்து அளந்து வர வேண்டும். வேலையும் தாமதம், சந்தேகமும் அதிகம்.

1923-ம் ஆண்டு சர்வே மற்றும் எல்லைகள் சட்டப்படி, தன் நிலத்து எல்லைக்கல்லைப் பாதுகாப்பது பட்டாதாரரின் பொறுப்பு. கல்லைப் பிடுங்குவதும் இடம் மாற்றி நடுவதும் குற்றம். கல் காணோம் என்றால் சும்மா இருக்காமல் வி.ஏ.ஓ.விடம் எழுத்து மூலம் சொல்லி வைப்பது பின்னால் உதவும்.

கூட்டுப்பட்டா: ஒற்றுமையாக இருக்கும்போதே பிரியுங்கள்

ஒரு அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் என்று வைத்துக் கொள்வோம். 3 பிள்ளைகள். வாய்ப்பேச்சாக ஆளுக்கு அரை ஏக்கர் பிரித்துக் கொண்டு 20 வருஷம் சாகுபடி செய்கிறார்கள். பட்டாவில் 3 பேர் பெயரும் சேர்ந்து இருக்கிறது. மூத்தவர் தன் பங்கை விற்கிறார். வாங்கியவர் ரோட்டோரத்துப் பக்கத்தை அளந்து வேலி போடுகிறார். "அது என் பங்கு" என்று சின்னவர் குறுக்கே நிற்கிறார்.

யார் சொல்வது சரி? கூட்டுப்பட்டாவைப் பார்த்துச் சொல்ல முடியாது. எந்தப் பக்கம் யாருடையது என்று அதில் இருக்காது. புலப்படத்திலும் உட்பிரிவு கோடு இல்லை.

இதற்கு ஒரே வழி, பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதி, உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்குவதுதான். உட்பிரிவு தேவையில்லாத பட்டா மாறுதலுக்கு 15 நாள், சர்வேயர் வந்து அளந்து உட்பிரிவு செய்ய வேண்டியதற்கு 30 நாள் என்று அரசு காலக்கெடு வைத்துள்ளது. விற்பவர் பெயரிலேயே தனிப்பட்டா இருந்து முழு சர்வே எண்ணையும் அப்படியே விற்றால், பத்திரப்பதிவு முடிந்ததும் இணையத்திலேயே பட்டா தானாக மாறும் வசதியும் இப்போது இருக்கிறது. பட்டா தாத்தா பெயரில் இருந்தால் அது நடக்காது. வாரிசு சான்றிதழ், இறப்பு சான்றிதழ் என்று மறுபடியும் முதலில் இருந்து அலைய வேண்டியதுதான்.

மனை வாங்குபவர்கள் கவனத்துக்கு

ரோட்டோரத்தில் கலர் கலராகக் கொடி கட்டி, கல் நட்டு, "குறைந்த இடங்களே உள்ளன" என்று போர்டு வைத்தால் அது மனை ஆகிவிடாது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016-ம் ஆண்டு செப்டம்பர் 9-ந்தேதி சென்னை ஐகோர்ட்டு தடை போட்டது. அதன் பிறகு பதிவு சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு அமலுக்கு வந்தது. அங்கீகாரம் இல்லாத மனை, அரசு நிலம், கோவில் நிலம், வக்பு நிலம் ஆகியவற்றின் பத்திரத்தைச் சார்பதிவாளர் மறுக்கலாம். 2016 அக்டோபர் 20-ந்தேதிக்கு முன்பு விற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் விதிகள் வந்தன.

விவசாய நிலத்தை மனை ஆக்குவதற்கும் தனி அனுமதி வேண்டும். மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு துறை ஒப்புதல் உண்டா, ஒப்புதல் வரைபடத்தில் உங்கள் மனை எண் உண்டா, பூங்கா என்று காட்டிய இடத்தை உங்கள் தலையில் கட்டுகிறார்களா என்று பார்த்துக் கொள்ள வேண்டும். புரோக்கர் காட்டும் கலர் நோட்டீஸ் ஒப்புதல் வரைபடம் ஆகாது.

கண்மாய்க்கும் எல்லை உண்டு

புதுக்கோட்டை கண்மாய்களை நம்பி வாழும் மாவட்டம். கண்மாய், ஓடை, வரத்து வாரி, மேய்க்கால், வண்டிப்பாதை, களம், மயானம் எல்லாவற்றுக்கும் சர்வே எண் உண்டு, புலப்படம் உண்டு. 'அ' பதிவேட்டில் புறம்போக்கு என்று இருக்கும். மழை இல்லாத வருஷத்தில் தண்ணீர் நிற்காத மேட்டைப் பார்த்து "சும்மாதானே கிடக்கு" என்று வாங்கினால், நாளைக்கு இடிக்க வரும்போது பத்திரம் காப்பாற்றாது.

பொதுப்பணித்துறை ஏரிகளை அளந்து, எல்லை குறித்து, ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ல் தனிச் சட்டமே உள்ளது. வரத்து வாரியை ஒருவர் அடைத்தால், காய்வது கீழே இருக்கிற நூறு பேர் வயல். ஊர்க்காரர்கள் கண்மாயின் புலப்படத்தையும் 'அ' பதிவேட்டு நகலையும் வாங்கி வைத்திருந்தால், மனு கொடுக்கும்போது பேச்சு எடுபடும்.

எந்த மண்ணில் என்ன வரலாம்?

ஒரு நிலத்தில் என்ன தொழில் வரலாம் என்பதையும் சட்டம் சொல்கிறது. 2017-ல் ஆலங்குடி தாலுகா நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நடந்த போராட்டம் நாடு முழுக்கப் பேசப்பட்டது. 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல சட்டம் வந்தது. இதில் இந்த மாவட்டத்தின் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஆகிய 5 ஒன்றியங்கள் உள்ளன. இங்கே புதிதாக எண்ணெய், எரிவாயு கிணறு தோண்டுவதும், தோல் தொழிற்சாலை, தாமிரம், அலுமினியம் உருக்கு ஆலைகள் வருவதும் கூடாது.

ஆனால் வயலை வீட்டுமனை ஆக்குவது அந்தத் தடைப் பட்டியலில் இல்லை. அதற்கு மேலே சொன்ன தனி அனுமதிதான் கடிவாளம்.

சர்வேயரை அழைப்பது எப்படி?

எல்லையில் தகராறு என்றால் கம்பை எடுக்க வேண்டாம். பட்டா நகலோடு நில அளவைக்கு விண்ணப்பித்து, அரசு கட்டணம் கட்டி ரசீது வாங்க வேண்டும். 2023 முதல் இதை இணையதளத்திலும் செய்யலாம். இ-சேவை மையத்திலும் கொடுக்கலாம். அளக்கும்போது பக்கத்து நிலக்காரர்களும் இருப்பது நல்லது. அவர்கள் இல்லாமல் அளந்து நட்ட கல் அதிக நாள் நிற்காது. அளந்து முடித்ததும் அறிக்கையும் படமும் கேட்டு வாங்கி வைக்க வேண்டும்.

பட்டா உத்தரவில் குறை இருந்தால் தாசில்தாருக்கு மேல் ஆர்.டி.ஓ.விடம் அப்பீல், அதற்கும் மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு மனு போடலாம். சர்வேயில் முடிவு செய்த எல்லை தவறு என்றால் 3 ஆண்டுக்குள் சிவில் கோர்ட்டுக்குப் போக சட்டத்தில் இடம் உண்டு. நிலம் யாருக்குச் சொந்தம் என்பதே பிரச்சினை என்றால் தாலுகா ஆபீசில் தீராது, சிவில் கோர்ட்டுதான்.

ஒரு நாள் வேலை

நிலம் வைத்திருப்பவர்கள் ஒரு நாள் கூலியை விட்டாலும் பரவாயில்லை என்று இதைச் செய்து விட வேண்டும்:

* அரசு இணையதளத்தில் பட்டாவையும் புலப்படத்தையும் எடுங்கள். கட்டணம் இல்லை.

* பட்டாவில் யார் பெயர்? இறந்தவர் பெயர் என்றால் உடனே வாரிசுகள் பெயருக்கு மனு போடுங்கள். பெண் பிள்ளைகள் பெயரையும் விடக் கூடாது.

* ஏர்சை 2.47-ஆல் பெருக்கி, பத்திரத்தில் உள்ள சென்ட்டோடு ஒப்பிடுங்கள்.

* பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பாருங்கள். தெரியாமல் யாராவது விற்றிருந்தாலோ, அடமானம் வைத்திருந்தாலோ தெரிந்து விடும்.

* வயலைச் சுற்றி நடந்து 4 மூலையிலும் கல் இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

* கணக்கில் தப்பு இருந்தால் ஆண்டுதோறும் தாலுகா ஆபீசில் நடக்கும் ஜமாபந்தியில் மனு கொடுங்கள். பசலி ஆண்டு கணக்கு முடிக்கும் அந்த நேரத்தில் கிராமத்துப் பதிவேடுகள் எல்லாம் அதிகாரி மேஜையிலேயே இருக்கும்.

அப்பா உயிரோடு இருக்கும்போது எல்லையைக் காட்ட ஒரு ஆள் இருக்கிறார். அவருக்குப் பிறகு காகிதமும் கல்லும் மட்டும்தான் சாட்சி.